கேபிள் வெட்டப் பழகுவோம்: எந்தக் கட்டர், எப்படிப் பிடிப்பது?

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் எங்கள் புளியரைப் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். அதனால் நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. கேபிள் வெட்டப் பழகுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

1. கரண்டை நிறுத்துங்கள். மெயினை இறக்கினால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். தொழில் பழகிய புதிதில் நான் மெயினை மட்டும் இறக்கிவிட்டு, இரண்டு கோர் ஒயரை (ஒரே உறைக்குள் இரண்டு தனி ஒயர் ஓடுவது) ஒரே கடியாகக் கடித்தேன். 'டப்' என்று பொறி பறந்தது. பிளேயரின் வாயில் அரிசி அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. இன்றும் பழக வருகிற பையன்களிடம் அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

2. சோதியுங்கள். மெயினை இறக்கும் முன்பே ஒரு பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய பின், வெட்டப்போகும் ஒயரின் ஒவ்வொரு கோரிலும் வையுங்கள். ரப்பர் செருப்போடு நின்றால் டெஸ்டர் மங்கலாக எரிந்து ஏமாற்றலாம். மல்டிமீட்டர் இருந்தால் அதிலும் பாருங்கள்.

3. கருவியைத் தேர்ந்தெடுங்கள். 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குக் கட்டிங் பிளேயரோ சைடு கட்டரோ போதும். போர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் என்றால் கிளி மூக்குபோல வளைந்த வாயுள்ள கேபிள் கட்டர்தான் சரி. பிளேயரால் நசுக்கி வெட்டினால் செம்பு இழைகள் தட்டையாகி விரிந்துவிடும், அப்புறம் ஒயர் முனையில் மாட்டுகிற உலோக லக்குக்குள் நுழையாது. வளைந்த வாய் கேபிளைச் சுற்றிப் பிடித்துச் சீவுவதால் முனை உருண்டையாகவே நிற்கும். ஆனால் ஆர்மர்ட் கேபிளின் மேல் கவசமாகச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பியில் இதை வைக்காதீர்கள், விளிம்பு உடைந்துவிடும். அதற்கு இரும்பு அறுக்கும் ஹேக்ஸா ரம்பம் இருக்கிறது.

கைப்பிடியில் இரட்டை முக்கோணமும் 1000 V என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை பிடிமானத்துக்குத்தான், ஷாக்கைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள்.

4. வெட்டுங்கள். கை காய்ந்திருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கேபிளை வாயின் உள்பக்கம், கட்டரின் இரண்டு பக்கமும் சேரும் ஆணிக்கு அருகே வைத்து நேராக அழுத்துங்கள். திருகவோ ஆட்டவோ வேண்டாம். துண்டு தெறிக்காமல் இருக்க முனை தரையைப் பார்க்கட்டும். வெட்டுப்படவில்லையென்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள், பெரிய கட்டர் எடுங்கள்.

மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் ஒயரை மட்டும் நாம் தொடவே கூடாது. மெயினை இறக்கினாலும் அதில் கரண்ட் இருக்கும். அதை மின்வாரிய ஆட்கள்தான் கழற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் கட்டரைத் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சாரல் காலத்தில் துரு சீக்கிரம் ஏறும்.