'வென்ட்' எங்கே, 'கோ' எங்கே? ஏற்காட்டுப் பயணத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவோம்

சேலத்திலிருந்து ஏற்காடு போய்வந்ததை ஆங்கிலத்தில் சொல்ல 'கோ' என்ற ஒரு வினையே பெரும்பாலும் போதும். ஆனால் அதன் இறந்தகாலம் 'கோட்' அல்ல, 'வென்ட்'. இது உண்மையில் வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'கோ'வுடன் நிலைத்துவிட்டது. ஆகவே விதி தேட வேண்டாம், மனப்பாடம் செய்யுங்கள்.

படி 1: நடந்ததை நேராகச் சொல்லுங்கள்.

"ஐ வென்ட் டு ஏற்காடு எஸ்டர்டே."

தமிழில் போனேன், போனாய், போனாள், போனது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கிலத்தில் 'ஐ', 'யூ', 'ஷீ', 'த பஸ்' எதுவானாலும் 'வென்ட்'தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய பஸ்ஸுக்கும் அதே சொல்: "த பஸ் வென்ட் அப் த ஹில்."

படி 2: இல்லை என்று சொல்லுங்கள்.

"ஐ டிட் நாட் கோ டு த லேக்."

'வென்ட்' மறைந்து 'கோ' திரும்பிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. 'ஏரிக்குப் போகவில்லை' என்னும்போது 'போக' என்பதில் காலம் இல்லையே! ஆங்கிலத்தில் காலத்தைக் காட்டும் வேலையை 'டிட்' செய்துவிடுகிறது.

படி 3: கேள்வி கேளுங்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

'போனாயா?' என்பதில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் "டிட் யூ வென்ட்?" என்று வாய் தவறுகிறது. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டது. இரண்டாம் முறை வேண்டாம்.

"டிட் யூ கோ டு பகோடா பாயிண்ட்?"
"ஹௌ டிட் யூ கோ?"
"வென் டிட் யூ கோ?"

ஒரு விலக்கு உண்டு. போனது யார் என்றே கேட்டால் 'டிட்' வராது: "ஹூ வென்ட் வித் யூ?" இந்த ஒரு வாக்கியத்தைத் தனியாகப் பலமுறை சொல்லிப் பாருங்கள்.

படி 4: வீடு திரும்புங்கள்.

"வீ வென்ட் ஹோம்." 'ஹோம்' முன்னால் 'டு' போடாதீர்கள். சேலம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் 'டு' வரும்: "வீ வென்ட் பேக் டு சேலம்."

இப்போது சேர்வராயன் கோயிலுக்குப் போனதாக ஒரு வாக்கியம், போகவில்லை என்று ஒன்று, போனாயா என்று ஒன்று எழுதுங்கள். எழுதியதில் 'டிட்' இருக்கும் இடத்தில் 'வென்ட்' இருந்தால் அடித்துவிட்டு 'கோ' என்று திருத்துங்கள்.