பழைய டிஜிட்டல் கமெராவை வைத்திருப்பதா, மாற்றுவதா?

ஒரு மாரிகாலம் முழுவதும், ஐப்பசி தொடங்கித் தை வரை, என் நிக்கொன் டி90 கமெராவை அதன் துணிப்பையிலேயே விட்டுவிட்டேன். மாசியில் எடுத்துப் பார்த்தபோது கமெரா பழுதின்றி இயங்கியது; ஆனால் லென்ஸினுள்ளே சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. 2008ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கமெராவை மாற்றிவிடலாமா என்று அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன். அந்த முடிவை எடுப்பதற்கு நான் கைக்கொண்ட வழிமுறை, திருகோணமலை போன்ற கடலோர ஊர்களில் இருக்கும் ஏனையோருக்கும் பயன்படக்கூடும்.

முதலில் லென்ஸைப் பார்க்க வேண்டும். அதைக் கழற்றி, நிக்கொன் லென்ஸாயின் பின்புறமுள்ள சிறு நெம்பை நகர்த்தி, ஒளி புகும் துவாரத்தை முழுதாகத் திறந்து, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி மறுபக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். கெனன் ஈஎஃப் லென்ஸ்களில் அந்த நெம்பு இல்லை. கழற்றிய நிலையில் துவாரம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். தூசு புள்ளிகளாகத் தெரியும். பங்கசு, அதாவது பூஞ்சணம், என் லென்ஸில் கண்ட இழைகளைப் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். விளிம்பில் சிறிதளவு படர்ந்திருந்தால் சாதாரணப் படங்களில் வேறுபாடு தெரியாது. ஆனால் கோணேசர் கோயில் மலையிலிருந்து சூரியோதயத்தை நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும். கமெராவுடன் சேர்ந்து வந்த 18–55 மிமீ போன்ற மலிவான லென்ஸ் என்றால், அதைக் கழற்றித் துப்புரவாக்கும் கூலி, பாவித்த நிலையில் அதன் விலையையே தாண்டிவிடலாம் என்பதால், லென்ஸை மட்டும் மாற்றுவது நல்லது.

புதிய கமெரா வாங்கினாலும் பங்கசை வளர்க்கும் இதே ஈரக் காற்றில்தான் அது இருக்கப் போகிறது. ஆகையால் பணம் செலவிட எண்ணுவோர் முதலில் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும், சிலிக்கா ஜெல்லையும், சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வாங்கி, பெட்டியினுள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். சிலர் அரிசியைப் போட்டு வைக்கிறார்கள். அதனால் பெட்டிக்குள் தூசுதான் சேரும்.

கமெராவின் உடலைச் சோதிப்பது எளிது. துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்), வெறும் வானத்தைக் குவியமின்றிப் படமெடுத்தால், ஒளியைப் பதியும் சென்சரில் ஒட்டிய தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். அது துப்புரவாக்கினால் போய்விடும். பற்றரி தொடும் உலோகத் தகடுகளில் பச்சை பிடித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்ததாக, கடந்த ஓராண்டில் எடுத்தவற்றுள் கெட்டுப்போன படங்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை கல்யாண மண்டபத்திலோ இரவுத் திருவிழாவிலோ எடுக்கப்பட்டு, இருளாலும் மணல்மணலான இரைச்சலாலும் கெட்டிருந்தால், குறை லென்ஸில் இருக்கக்கூடும். 18–55 போன்ற லென்ஸின் எஃப்/5.6 துவாரத்துக்குப் பதிலாக 50 மிமீ எஃப்/1.8 லென்ஸைப் பொருத்தினால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ, 3200 தேவைப்பட்ட இடத்தில் 400 போதும்; அது குறைந்தால் இரைச்சலும் குறையும். டி90இன் உடலில் குவிய மோட்டார் இருப்பதால் பழைய 50 மிமீ டி வகை லென்ஸும் தானாகக் குவியும். நிக்கொனின் டி40 கமெராவில் அந்த மோட்டார் இல்லாததால், லென்ஸிலேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகைதான் வாங்க வேண்டும்.

மெகாபிக்சல் குறைவு என்பதை ஒரு காரணமாக நான் ஏற்பதில்லை. 12க்கு 8 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 8.6 மெகாபிக்சல் போதும். டி90 தருவது 12.3.

மறுபுறம், திமிங்கிலம் பார்க்கப் படகேறுவோருக்கும் பறக்கும் பறவைகளைத் தொடர்வோருக்கும், அசையும் உருவைத் தானே பின்தொடரும் புதிய கமெராக்கள் உண்மையிலேயே உதவும். வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவர் மாற்றத்தான் வேண்டும். டி90 தன் 720பி தரத்தில் ஒரே தொடராக ஐந்து நிமிடமே பதியும், அப்போது குவியமும் தானாகப் பின்தொடராது. ஆனால் செலவைக் கணக்கிடும்போது லென்ஸ்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கெனனின் ஈஎஃப் லென்ஸ்கள் இணைப்பான் மூலம் அதன் புதிய ஆர்எஃப் வகைக் கமெராக்களில் நன்றாகவே தானாகக் குவிகின்றன. மேலே சொன்ன நிக்கொன் டி வகையையோ, நிக்கொனின் புதிய இசட் வகைக் கமெராக்களுக்கான எஃப்டிஇசட் இணைப்பானில் கையால்தான் குவிக்க வேண்டும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய சிறு கமெராக்களைப் பொறுத்தவரை, நல்ல கைபேசி இருந்தால் தொலைவை நெருக்கும் ஒளியியல் ஸூம் வேண்டுவோர் மட்டும் வைத்திருக்கலாம். வைத்திருந்தாலும் விற்றாலும், எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் போன்ற அருகிவிட்ட நினைவக அட்டைகளில் இருக்கும் படங்களை, அவற்றை வாசிக்கும் கருவி கையிலிருக்கும்போதே இரண்டு இடங்களில் பிரதி செய்துகொள்ள வேண்டும்.