இணையவழியில் இராஜதந்திரம் கற்கும் மலையக மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி எட்டாமல், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்தபடியே அமெரிக்கக் கல்லூரியொன்றில் சர்வதேச உறவுகளைப் பயில முற்படும் மாணவர் செய்யும் முதல் தவறு, சேரப்போகும் பாடநெறி எத்தகையது என்று அறியாமல் பணம் கட்டிவிடுவதாகும். அசோசியேட் டிகிரி என்பதில் டிகிரி என்ற சொல் இருப்பதால் வீட்டாரும் அதை முழுப் பட்டமென்றே நம்பிவிடுகின்றனர். அது பொதுவாக இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 60 கிரெடிட்டுகளோடு, அதாவது பாட அலகுகளோடு, முடியும் தகைமை. நான்காண்டுப் பட்டத்தின் முற்பாதிக்கு ஒப்பானது. இலங்கை வெளிநாட்டுச் சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும் என்பதால், மீதி இரண்டாண்டுகளை எங்கே படிப்பது என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட்டுகளை ஏற்கும் என்பதை அதனிடமிருந்தே எழுத்தில் பெற்றுக்கொள்வதோடு, அதன் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் விசாரிக்க வேண்டும். முகவரின் வாய்மொழி இதற்குப் போதாது.

நேரக் கணக்கை மறப்பது அடுத்த தவறு. நியூயோர்க்கில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் நேரடி வகுப்பு இங்கே மறுநாள் அதிகாலை 5.30க்கு வரும், அங்கே கோடைகாலக் கடிகாரம் நடைமுறைக்கு வந்ததும் அதுவே 4.30 ஆகிவிடும். பெற்றோர் தோட்டத்துப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, புறப்பட ஆயத்தமாகும் லயத்து அறையில் அந்நேரம் வாய்திறந்து விவாதிப்பது எளிதன்று. பதிவுசெய்த வகுப்புகள் உண்டா என்று முன்னரே கேட்டறிவது நல்லது.

பாடத்துக்குள் நுழைந்தபின், செய்தியில் கேட்ட சொற்களைக் கொண்டே விடை எழுதுவது வழக்கமான பிழை. தூதரகம் அமைந்துள்ள நிலம் அந்த வெளிநாட்டின் மண் என்று பலர் எழுதுகின்றனர். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. அனுமதியின்றி அந்த வளாகத்துள் நுழையக்கூடாது என்றுதான் அதன் 22ஆம் உறுப்புரை கூறுகிறது, நிலம் விருந்தளிக்கும் நாட்டுக்கே உரியது. பெயர்களிலும் கவனம் வேண்டும்: பொதுநலவாய நாடுகள் தமக்குள் தூதரகத்தை உயர்ஸ்தானிகராலயம் என்று அழைப்பதால் கண்டியில் இருப்பது இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம். யாழ்ப்பாணத்தில் இருப்பதோ துணைத் தூதரகம். வழக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இராது.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் தவறு, இந்தப் பாடம் ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் நடப்பது, நமக்கு எட்டாதது என்று எண்ணிக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைக்குத் தொலைதூர விடயமொன்றைத் தேடிப் போவதாகும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான இந்திய வம்சாவளி மலையக மக்களை, 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதை எழுதும் மாணவர் பெரும்பாலும் துயரக் கதையாக எழுதி நிறுத்திவிடுகின்றனர். துயரம் உண்மைதான், எனினும் கட்டுரை கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இலங்கையில் நிலையாக வாழ்வோர் இலங்கையின் பொறுப்பே என்ற நேருவின் நிலைப்பாட்டிலிருந்து, அவர் மறைந்த சில மாதங்களிலேயே டில்லி ஏன் விலகியது? 1962 சீனப் போருக்குப் பின் அயல்நாடுகளின் நட்பு இந்தியாவுக்கு எவ்வளவு தேவைப்பட்டது? பங்கிடப்பட்ட மக்களிடம் யாரும் கேளாமலே பேச்சுவார்த்தை முடிந்ததை, அரசுகளையே முதன்மையாகக் கொள்ளும் யதார்த்தவாதக் கோட்பாடு எப்படி விளக்கும்? இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும்போது, அதே 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கே வாழ்ந்தோரையும் அவர்களின் சந்ததியினரையும் என்றே வரையறுத்தது; ஓர் ஒப்பந்தத்தின் திகதி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எப்படி உயிரோடிருந்தது என்பதே ஒரு கட்டுரைக்குப் போதும்.

இத்தகைய கட்டுரைக்குத் தாத்தாவின் தகரப்பெட்டியில் கிடக்கும் பிரஜாவுரிமைச் சான்றிதழ் நல்ல மூலாவணமாகும். அவர் சொன்ன நினைவையும் அந்தக் கடதாசி சொல்வதையும் ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனியே குறிப்பிட வேண்டும். பதிவேற்றும் முன் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட வேண்டும்.