வயிற்று உப்புசத்தின் காரணத்தைக் கண்டறிந்த விதம்

சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வயிறு உப்பி, இரைச்சலும் வலியுமாக நெடுநாள் அவதிப்பட்ட எனக்கு, வேலூரில் ஓர் உணவியல் நிபுணர் காட்டிய வழி, ஐயத்துக்குரிய உணவுகளைச் சில வாரங்கள் அடியோடு நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதாகும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.

பால், கோதுமை, வெங்காயம், பூண்டு நான்கையும் நிறுத்தினேன். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், எண்ணெயில் வதக்கிய முள்ளுக் கத்தரிக்காயும் இருக்கையில் பசிக்குக் குறைவில்லை. மறைந்திருக்கும் பொருள்கள்தாம் பெரும் சோதனை: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதால், டப்பாவின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்த பிறகே ரசம் தாளித்தோம்.

வயிறு அடங்கியதும், ஒவ்வொன்றுக்கும் சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்து, உண்டதையும் உபாதையையும் நேரத்தோடு நோட்டில் குறித்தேன். கோதுமையும் வெங்காயமும் பூண்டும் ஒன்றும் செய்யவில்லை. பால் கலந்த காபி குடித்த அன்றே உப்புசம் திரும்பியது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களுக்கு இவ்வாறு நேரும். தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே லாக்டிக் அமிலமாக்கிவிடுவதால், அது எனக்கு ஒத்துக்கொள்கிறது. சுண்டக் காய்ச்சிய பாலான கோவா சேர்ந்த ஆற்காடு மக்கன் பேடா என்னும் இனிப்பை மட்டும், எவ்வளவு ஆசை இருந்தாலும், விருந்துகளில் தவிர்த்துவிடுகிறேன்.