ஒரு காலை வெளியே வையுங்கள்

மனச்சோர்வில் கிடக்கும்போது முதலில் எழும்ப வேண்டும். முடியாவிட்டால் ஒரு காலை மட்டும் கட்டிலுக்கு வெளியே போடுங்கள். அதையும் ஒரு வேலையாகக் கொப்பியில் எழுதிச் சரி போடுவேன் நான். அப்புறம் கிணற்றடி. மூன்று நாள் குளிக்காமல் கிடந்தபோது அம்மம்மா, "கிணறு இன்னும் வத்தேல்லையடா, போய்ப் பார்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். அப்படியான வசனங்களையும் குறித்து வையுங்கள். ஆனால் பகிடி உங்களுடையதாக இருக்க வேண்டும். "நல்லூரில் போய்க் கும்பிடு, எல்லாம் சரிவரும்" என்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள் (பனங்கட்டி வேண்டாம், இருந்துவிடுவார்கள்). மனச்சோர்வுக்கு வைத்தியர் தரும் குளிசை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் பகிடியை விட்டுவிட்டு 1926க்கு எடுங்கள், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.