பழைய மினியில் வீல், டயர், சைலன்சர் மாற்றுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

பழைய மினி கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் கை அரிப்பது இந்த மூன்றில்தான். வீல், டயர், சைலன்சர். 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த வண்டி அது. அதன் அசல் சக்கரம் வெறும் 10 அங்குலம்தான். அந்தச் சின்னச் சக்கரத்தை மாற்றினால் வண்டி நிற்கிற தோரணை மாறும், வளைவில் பிடிப்பு மாறும், ஓட்டுகிற சுகமும் மாறும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் பலர் வாங்குகிற வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கண்ணுக்குப் பிடித்த வீலை வாங்குகிறார்கள், அதற்கு ஏற்ற டயரைத் தேடுகிறார்கள், கடைசியில் அது மட்கார்டில் உரசுகிறதே என்று தலையில் கை வைக்கிறார்கள். சரியான வரிசை இதுதான்: முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும், அடுத்து டயர் அளவை முடிவு செய்ய வேண்டும், வீல் அதற்குப் பிறகுதான். சைலன்சர் இருக்கிற எக்சாஸ்ட், அதாவது இன்ஜின் புகை வெளியேறும் குழாய்த்தொகுதி, தனி வேலை. அதைத் தொட்டால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரையும் தொட்டே ஆக வேண்டும்.

படி 1: வண்டியில் இப்போது என்ன இருக்கிறது?

வண்டியின் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். பல கை மாறிய மினியில் முந்தைய உரிமையாளர் என்னவெல்லாம் மாற்றினார் என்பது காகிதத்தில் இருக்காது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. வண்டி சின்னதுதானே என்று நினைக்காதீர்கள், அதன் எடையே ஆளை நசுக்கப் போதும்.

உள்ளே டிரம் பிரேக் இருந்தால் 10 அங்குல வீல் தாராளமாகப் போகும். கூப்பர் எஸ் வகையில் வந்த 7.5 அங்குல டிஸ்க் பிரேக் என்றாலும் 10 அங்குலம் சரிதான். 1984-ல் இருந்து வந்த 8.4 அங்குல டிஸ்க் என்றால் 10 அங்குலம் உள்ளே போகாது. குறைந்தது 12 அங்குலம் வேண்டும். ஒரு ஸ்கேலை வைத்து டிஸ்க்கின் விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பின்பக்க டிரம்மையும் பாருங்கள். சில டிரம்களின் வார்ப்பிலேயே ஓர் அங்குல ஸ்பேசர் சேர்ந்து வரும். அந்த டிரம் இருந்தால் சக்கரம் ஏற்கெனவே ஓர் அங்குலம் வெளியே தள்ளித்தான் நிற்கும். இதைக் கவனிக்காமல் அகல வீல் வாங்கினால் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

படி 2: டயர் அளவு

டயரின் பக்கவாட்டில் 165/60 ஆர்12 என்று இருந்தால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 12 அங்குலம். மொத்த விட்டத்தை நீங்களே கணக்குப் போடலாம். 165-ல் 60 சதவீதம் 99. மேலும் கீழும் சேர்த்து 198. 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீட்டர். கூட்டினால் ஏறக்குறைய 503.

இதே கணக்கில் 165/70 ஆர்10 டயர் 485 மில்லிமீட்டர் வரும், 145/70 ஆர்12 டயர் 508, 175/50 ஆர்13 டயர் 505. கவனித்தீர்களா? 12-க்கும் 13-க்கும் மொத்த உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 13-க்குப் போனால் கூடுவது ரிம்மும் அகலமும். குறைவது டயரில் இருக்கிற ரப்பர். மினியின் சஸ்பென்ஷன் அலெக்ஸ் மௌல்ட்டன் வடிவமைத்த ரப்பர் கோன், அதாவது ஸ்பிரிங்கின் இடத்தில் ஒரு ரப்பர் கூம்பு. அது இயல்பிலேயே விறைப்பு. அதோடு மெல்லிய பக்கச்சுவர் சேர்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்கு நேராக வந்து சேரும். கூடவே வீலின் எடையும் ஏறும், அந்த எடை சஸ்பென்ஷனுக்குக் கீழே இருப்பதால் சக்கரம் பள்ளத்தில் இருந்து மீண்டு தரையைப் பிடிக்க நேரமாகும்.

என்னைக் கேட்டால், டிரம் அல்லது 7.5 அங்குல டிஸ்க் வண்டிக்கு 165/70 ஆர்10 போதும், அந்த வண்டிக்கு அழகும் அதுதான். 8.4 அங்குல டிஸ்க் வண்டிக்கு 165/60 ஆர்12. 13 அங்குலம் தோற்றத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் மட்கார்டை வெட்டி, சக்கரத்தை மேலே மூடும் அகல ஆர்ச் பொருத்த வேண்டியிருக்கும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

485-ல் இருந்து 503-க்குப் போனால் டயர் ஏறக்குறைய 3.7 சதவீதம் பெரிதாகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 104-க்குப் பக்கத்தில் இருக்கும். முள்ளை நம்பி ஓட்டுகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும். இழுவையும் அதே அளவு குறையும். 998 சிசி இன்ஜினில் மேடு ஏறும்போது அது தெரியும்.

டயரை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். டாட் என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது. 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். 10 அங்குல டயர் மெதுவாக விற்கிற சரக்கு, கடையில் வருடக்கணக்கில் தூங்கியிருக்கலாம். பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

படி 3: வீல்

பழைய மினி வீலில் நான்கு துளை. அவை 101.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும், அதாவது சரியாக 4 அங்குலம். நிறையக் கார்களில் இருப்பது 100 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டர்தானே, இழுத்து முடுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீலைப் பிடிக்கும் மரை ஆணியான ஸ்டட் சாய்ந்து நிற்கும், நட்டு முழுதாகப் பதியாது, ஒருநாள் ஸ்டட் முறியும்.

அடுத்து ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வண்டியில் சக்கரம் வந்து உட்காரும் நடுப்பகுதி) பதிகிற முகத்துக்கும் உள்ள தூரம் அது. ஒரே அகலத்தில் இரண்டு வீல் வாங்கினாலும் ஆஃப்செட் வேறானால் ஒன்று உள்ளே தள்ளி நிற்கும், இன்னொன்று வெளியே நீட்டும். வெளியே போகப் போக ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் கையை இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும். அகல வீல் பந்தாவுக்காக இதையெல்லாம் விலையாகக் கொடுக்க வேண்டாம். 165 டயருக்கு 5 அங்குல ரிம் அழகாகப் பொருந்தும்.

நட்டுதான் பலர் கோட்டைவிடுகிற இடம். மினியில் வீலை நடுவில் நிறுத்துவது நட்டுகளே. இரும்பு வீலின் நட்டுக்குக் கூம்பு முகம். அலாய் வீலில் சிலவற்றுக்குக் கூம்பு நட்டு, மினிலைட் மாதிரியான சிலவற்றுக்குக் குழாய் போல் நீண்ட நட்டும் தட்டை வாஷரும். வீலோடு அதற்கான நட்டையும் சேர்த்தே வாங்குங்கள். மினியின் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொதுவிதி. கையால் முடுக்கும்போது எண்ணிப் பாருங்கள், குறைந்தது 9 சுற்று போக வேண்டும். நாலைந்தில் நின்றுவிட்டால் நீள ஸ்டட் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

படி 4: பொருத்திப் பார்த்தல்

நான்கு வீலிலும் டயர் ஏற்றிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். முதலில் ஒன்றில் மட்டும் ஏற்றி முன்னும் பின்னும் மாட்டிப் பாருங்கள். முன்னால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். டயரின் உள்பக்கம் எதிலாவது படுகிறதா? பிரேக் ஹோஸ் உரசுகிறதா? பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கும் வீலுக்கும் இடையில் விரல் நுனியாவது போகிறதா?

அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஹப்புக்குக் கீழே ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள், பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் எவ்வளவு மேலே போகும் என்று தெரியும். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி வையுங்கள். டயர் பட்டால் தடம் விழும். பின்பக்க மட்கார்டின் மடிப்பு விளிம்பில்தான் பெரும்பாலும் உரசும்.

எல்லாம் சரியென்றால் நான்கையும் மாட்டி, குறுக்கு வரிசையில் முடுக்குங்கள். இரும்பு வீலுக்குச் சுமார் 60 நியூட்டன் மீட்டர். அலாய் வீலுக்கு அதைச் செய்தவர் சொல்லும் அளவு. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலை வேண்டாம். 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள், அலாய் வீல் நட்டு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.

காற்று 28 பிஎஸ்ஐ-யில் தொடங்கி, டயர் தேய்கிற விதத்தைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். மினியின் முன்சக்கரங்கள் மற்ற பல கார்களுக்கு மாறாக முன்பக்கம் லேசாக விரிந்து நிற்க வேண்டும், 1.6 மில்லிமீட்டர். பட்டறையில் இதைச் சொல்லியே வண்டியை விடுங்கள்.

படி 5: எக்சாஸ்ட் வாங்கும் முன்

மினியின் ஏ சீரிஸ் இன்ஜினில் நான்கு சிலிண்டர், ஆனால் எக்சாஸ்ட் வழி மூன்றுதான். 2-ஆம் சிலிண்டரும் 3-ஆம் சிலிண்டரும் நடு வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2. அதனால் நடு வழியில் ஒன்றுவிட்டு ஒன்று சீரான இடைவெளியில் புகை வரும், ஓரத்து 1-லும் 4-லும் அப்படியே. ஓரத்து இரண்டையும் ஒரு குழாயாகச் சேர்த்து, நடுக் குழாயை நீளமாகத் தனியே கொண்டுபோய்க் கீழே இணைத்தால் ஒன்றின் புகை அழுத்தம் இன்னொன்றை மறிக்காது. எல்சிபி என்று எல்லோரும் சொல்கிற லாங் சென்டர் பிராஞ்ச் மேனிஃபோல்டின் (இன்ஜினோடு பொருந்தும் கிளைக்குழாய்) ரகசியம் இவ்வளவுதான். நடு வேகத்தில் இழுவை கூடுவதைக் காலில் உணர முடியும்.

பின்னால் வருகிற குழாய் தடிமனாக இருந்தால் சக்தி கூடும் என்பது வெறும் நம்பிக்கை. அளவுக்கு மீறித் தடித்தால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பிவிடும். 1275 சிசிக்கே 1.75 அங்குலம் தாராளம். சைலன்சர் பெட்டி ஒன்றா இரண்டா? இரண்டு வாங்குங்கள். ஒற்றைப் பெட்டியின் சத்தம் முதல் அரைமணி நேரம் இனிக்கும், நெடுஞ்சாலையில் தலைவலி.

1990-களின் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சரையும் கழற்றாதீர்கள். புகைச் சோதனையில் நின்றுவிடும், காற்றுக்கும் கேடு. கீழே சொல்வது கார்பரேட்டர் வண்டிக்கு.

படி 6: கழற்றி மாட்டுதல்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் ஹோஸைத் திறக்கப் போகிறீர்கள். முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

ஏர் ஃபில்டர், கார்பரேட்டர் கழன்றதும் மேனிஃபோல்டு தெரியும். அது இன்ஜினுக்கும் டேஷ் சுவருக்கும் நடுவில் இருப்பதால் கீழ் நட்டுகளைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால், மேலே இன்ஜினைப் பிடித்திருக்கும் ஸ்டெடி பாரைக் கழற்றி இன்ஜினைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு பதிகிற இன்ஜின் முகத்தில் ஒட்டியிருக்கும், ஒழுகாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள்.

எல்சிபி போட்டால் கலவையை உள்ளே கொண்டுவரும் இன்லெட் மேனிஃபோல்டு தனி, எக்சாஸ்ட் தனி. ஆனால் சில ஸ்டட்டுகளில் ஒரே தடித்த வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்கும். இரண்டு விளிம்பும் ஒரே தடிமனாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து, ஒன்று இறுகும், மற்றது ஒழுகும். மாட்டும் முன்பே இரண்டையும் மேஜைமேல் வைத்து அளவெடுக்கும் காலிப்பரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தடித்த விளிம்பைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போய், சுமார் 20 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.

குழாய்களை முதலில் தளர்வாக மாட்டி, எதுவும் பாடியைத் தொடாமல் நேர்செய்து, பிறகே கிளாம்ப்களை இறுக்குங்கள். கியர்பாக்ஸில் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் கண்டிப்பாக வேண்டும். ஸ்டெடி பார் புஷ்களையும் இப்போதே மாற்றுங்கள். குறுக்கே உட்கார்ந்த இன்ஜின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும். புஷ் தேய்ந்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் புதுக் குழாயின் இணைப்பில் இறங்கும், விரிசல் அங்கேதான் விழும்.

படி 7: கலவை

இதைச் செய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. புகை சுலபமாக வெளியேறினால் காற்று கூடுதலாக உள்ளே வரும்; பெட்ரோல் அதே அளவில் இருந்தால் கலவை மெலியும், சூடு ஏறும். முழு வேகத்தில் அப்படியே ஓட்டினால் எக்சாஸ்ட் வால்வோ பிஸ்டனோ எரியும்.

மினியில் வருகிற எஸ்யூ வகைக் கார்பரேட்டரில் ஐடிலிங் கலவையை, அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போதுள்ள கலவையை, சரிசெய்வது ஜெட் நட்டு. முழு வேக வரம்பையும் தீர்மானிப்பது ஊசி. உங்கள் சிசி, ஃபில்டர், மேனிஃபோல்டு மூன்றையும் சொன்னால் மினி உதிரிபாகக் கடையில் ஊசியைச் சொல்வார்கள்.

ஐடிலிங் கலவை சரியா என்று பார்க்க, இன்ஜின் சூடான பிறகு கார்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். திணறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரி. முழு வேகக் கலவை இதில் தெரியாது, அதற்கு ரோலிங் ரோடு, அதாவது வண்டியை உருளைமேல் ஓட்டிச் சோதிக்கும் கருவி, உள்ள பட்டறையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவரை ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டாம். சூடேறி ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை இன்னொரு முறை முடுக்குங்கள். ஐடிலிங்கில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் மேனிஃபோல்டு பக்கம் கேட்டால் கேஸ்கெட் ஒழுகுகிறது என்று பொருள்.