இருமல் சிரப்பில் இருக்கும் ஊக்கமருந்து

"ஊக்கமருந்தா? அதெல்லாம் ஓடுறவன், வெயிட் தூக்குறவன் சமாச்சாரமுங்க சார். நமக்கெதுக்கு?" கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் கிரிக்கெட் வலைப்பயிற்சிக்கு வரும் பையன்களிடம் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வரும். கிரிக்கெட் திறமை ஆட்டம், ஊசி போட்டுக்கொண்டு யாரும் கவர் டிரைவ் அடிப்பதில்லை என்ற எண்ணம். ஊசியை மட்டுமே ஊக்கமருந்து என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

போன மழைக்காலத்தில் வேகப்பந்து வீசும் ஒருவன் இருமிக்கொண்டே வந்தான். பையில் சிரப் பாட்டில். மூடியில் அளப்பதெல்லாம் கிடையாது, அப்படியே ஒரு மடக்கு. வாங்கி லேபிளைப் பார்த்தேன். எறும்பு மாதிரி எழுத்தில் புரோம்ஹெக்சின், குவைஃபெனசின், கூடவே டெர்பூட்டலின். மருந்துக்கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இருமல் என்றான், கொடுத்தார். மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற மருந்து டெர்பூட்டலின். ஆனால் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் அதற்குப் போட்டி நாள், ஓய்வு நாள் பேதமில்லை. எப்போதும் தடைதான்.

இந்திய பேட்ஸ்மேன் பிரித்வி ஷா மாட்டியது இதில்தான். 2019 பிப்ரவரியில் மாநில அணிகள் மோதும் சையது முஷ்டாக் அலி கோப்பையின்போது கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெர்பூட்டலின் இருந்தது. இருமலுக்கு சிரப் குடித்தேன் என்றார். கிரிக்கெட் வாரியமும் அதை நம்பியது, இருந்தும் 8 மாதத் தடை. அப்போது அவருக்கு வயது 19. அதற்கு முன்பு இன்னொரு இந்திய வீரர் யூசுப் பதானுக்கு இதே மருந்தால் 5 மாதம். 'தெரியாமல் குடித்தேன்' என்றால் தண்டனை குறையலாம், அவ்வளவுதான். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு ஆட்டக்காரனுடையது.

'வீட்டில் கொடுத்தார்கள்' என்பதும் எடுபடாது. 2003 உலகக் கோப்பையின்போது ஆஸ்திரேலிய சுழற்பந்து வீரர் ஷேன் வார்னே, அம்மா கொடுத்த மாத்திரை என்றுதான் சொன்னார். அது சிறுநீர் பெருக்கி மாத்திரை. ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்தார்.

எங்கள் பக்கம் இன்னொரு நம்பிக்கை உண்டு: ஆயுர்வேதம் என்றால் கெடுதல் இல்லை. கெடுதல் இருக்கிறதா என்பது வேறு, தடை செய்த பொருள் இருக்கிறதா என்பது வேறு. இலங்கை பேட்ஸ்மேன் உபுல் தரங்க தோள்வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் 2011இல் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிக்கலில் மாட்டி 3 மாதம் வெளியே இருந்தார். இங்கே லேகிய டப்பாவில் அச்சடித்திருப்பது மலையாளம். தமிழ் மீடியம் பையனுக்கு அது எழுத்துக்கூட்டி வாசிக்கிற பாடுதான். அதனால் வாசிப்பதே இல்லை.

வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் ஜிம்மில் வாங்கிவரும் பவுடர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லேபிளில் இல்லாத சரக்கும் உள்ளே கலந்திருக்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் டாக்டர் சீட்டு. சீட்டு இருந்தால் போதும் என்பதும் தவறு. தடைப் பட்டியலில் உள்ள மருந்துதான் வேண்டும், மாற்று இல்லை என்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலரிலும் சால்பியூட்டமால் அளவோடு சரி, டெர்பூட்டலினுக்கு அனுமதி வேண்டும். ஆகவே டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், நான் போட்டியில் ஆடுகிறவன் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

'நம்மை யார் சோதிக்கப் போகிறார்கள்?' 2019 ஆகஸ்டில் கிரிக்கெட் வாரியமும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் சோதனைக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. மாநில அணிக்குத் தேர்வானவனிடம் ஒருநாள் சிறுநீர் மாதிரி கேட்கலாம்.

மாத்திரையைக் கடையில் துண்டு துண்டாக வெட்டித் தருவார்கள். பெயர் இருக்கும் பக்கம் அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வேகப்பந்துக்காரன் ஒரு படி மேலே போய்விட்டான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு படம்: அம்மா அடுப்பில் வைத்த சுக்கு, மிளகு, துளசிக் கசாயம். "இது ஓகேங்களா சார்?"

குடிடா என்று பதில் போட்டேன்.